‘ப்ரொபெல்’ என்ற ஆங்கில வினைச்சொல்: பிசகாமல் வாக்கியம் அமைக்க முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘ப்ரொபெல்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. படிக்கும்போது சட்டென்று புரிந்துவிடும். சொந்தமாக எழுதப் போனால்தான் இடறும். படகு, பந்து, ராக்கெட்டில் தொடங்கி ஓர் அணியின் வெற்றி, ஒரு கதையின் வேகம், ஒரு நாட்டின் பொருளாதாரம் வரை எதை முன்னே செலுத்தினாலும் இந்தச் சொல் வந்து நிற்கும். அறிவியல் பாடத்திலும் பார்க்கலாம், விளையாட்டுச் செய்தியிலும் பார்க்கலாம்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் ‘உந்து’. பேருந்து, சரக்குந்து, மகிழுந்து என்கிறோமே, அந்த உந்துதான். உந்துவிசையும் உந்துசக்தியும் அதே வேரில் கிளைத்தவை. ‘செலுத்து’ என்றாலும் பொருந்தும். ‘தள்ளு’ என்றால் பாதி சரி, பாதி தப்பு. ஏன் என்பதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு நோட்டை எடுத்து அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தால் எழுத்துக்கூட்டலும் கையோடு பழகிவிடும்.

படி 1: ஒலி, எழுத்து, குடும்பம்

பி, ஆர், ஓ, பி, இ, எல். மொத்தம் ஆறு எழுத்து; கடைசியில் ஒரே ஒரு எல். இரண்டு அசைகளில் அழுத்தம் விழுவது இரண்டாவதில், அதாவது ‘பெல்’லில். முதல் அசையை நாக்கு தொட்டும் தொடாமலும் ‘ப்ர’ என்று விட்டுவிட வேண்டும். ‘ப்ரோக்ராம்’, ‘ப்ரோட்டீன்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இதையும் ‘ப்ரோ-பெல்’ என்று நீட்டிவிடும். அதுதான் அதிகம் காதில் விழும் பிழை.

இந்த அழுத்தம் உச்சரிப்போடு முடிந்துவிடுவதில்லை, எழுத்துக்கூட்டலையும் அதுவே முடிவு செய்கிறது. கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, அந்த அசை ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யெழுத்துமாக முடிந்தால், இ-டி அல்லது ஐ-என்-ஜி சேர்க்கும்போது அந்த மெய் இரட்டிக்கும். ஆகவே ‘ப்ரொபெல்ட்’, ‘ப்ரொபெல்லிங்’ இரண்டிலும் இரண்டு எல். பிரிட்டனிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, இதில் மாற்றமே இல்லை. குழப்பம் வருவது ‘ட்ராவல்’ என்ற சொல்லால். அதில் அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் அமெரிக்கர்கள் ஒரே எல் போடுவார்கள், பிரிட்டிஷார் இரண்டு போடுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து ஓர் ‘எல்’ எழுத்தை வெட்டிவிடக் கூடாது. எஸ் மட்டும் சேரும் ‘ப்ரொபெல்ஸ்’ வடிவத்தில் இரட்டிக்காது.

‘ப்ரொபெல்ட்’ என்பதை இரண்டே அசையில் முடியுங்கள். ‘ப்ரொபெல்லெட்’ என்று மூன்றாக இழுக்க வேண்டாம். முடிவில் வருவது டி என்ற எழுத்தின் மெலிந்த ஒலி. இடுப்பில் கட்டும் பெல்ட்டின் முடிவில் இருப்பது வல்லொலி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஆங்கிலக் காதுக்கு இரண்டும் வேறு.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘ப்ரோ’ என்றால் முன்னால், ‘பெல்லெரே’ என்றால் தள்ளு, ஓட்டு. அதே ‘பெல்’ வேறு சில சொற்களிலும் உட்கார்ந்திருக்கிறது: எக்ஸ்பெல் என்றால் வெளியே தள்ளு; ரிபெல் என்றால் வந்த வழியே திருப்பித் தள்ளு; கம்பெல் என்றால் கட்டாயப்படுத்து; டிஸ்பெல் என்றால் சந்தேகம் பயம் போன்றவற்றைக் கலைத்து விரட்டு; இம்பெல் என்றால் உள்ளிருந்து தூண்டு. பெயர்ச்சொல்லாகும்போது ‘பெல்’ என்பது ‘பல்ஷன்’ ஆகிவிடும்: ப்ரொபல்ஷன், எக்ஸ்பல்ஷன், கம்பல்ஷன். நாடித்துடிப்பைச் சொல்லும் ‘பல்ஸ்’கூட இந்த வேர்தான். குடும்பத்தை ஒருமுறை மொத்தமாகப் பார்த்துவிட்டால் இனி எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதை முன்னொட்டே சொல்லிவிடும்.

படி 2: இது பிறவினை என்பதை மனத்தில் நிறுத்துங்கள்

இந்தச் சொல்லில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கான மருந்து கையிலேயே இருக்கிறது.

நகர்ந்தது, நகர்த்தியது. உருண்டது, உருட்டியது. ஓடியது, ஓட்டியது. சென்றது, செலுத்தியது. முதலில் வருவது தன்வினை, அடுத்து வருவது பிறவினை. ‘ப்ரொபெல்’ எப்போதும் இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கும். ஆங்கில அகராதிகளும் இதைச் செயப்படுபொருள் குன்றா வினை என்றே குறிக்கின்றன.

ஆனால் ஆங்கிலத்தில் பல வினைகள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே உருவத்தோடு வரும். ‘த பால் ரோல்ட்’ என்றால் பந்து உருண்டது. ‘ஹி ரோல்ட் த பால்’ என்றால் பந்தை உருட்டினான். ‘மூவ்’ என்பதும் அப்படியே. இதைப் பார்த்துப் பழகியவர்கள் ப்ரொபெல்லையும் அதே வரிசையில் சேர்த்து ‘த போட் ப்ரொபெல்ட் ஃபார்வர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். படகு முன்னே சென்றது என்பது அவர்கள் சொல்ல நினைத்தது. எழுதியதைத் தமிழில் போட்டால் ‘படகு முன்னே செலுத்தியது’ என்று வரும். எதைச் செலுத்தியது? பதில் இல்லை. தமிழ்க் காது அங்கேயே உறுத்தும்.

அதனால் எழுதி முடித்ததும் வாக்கியத்தைச் ‘செலுத்து’ என்ற சொல்லை வைத்துத் தமிழில் சொல்லி, ‘எதை?’ என்று கேளுங்கள். விடை வாக்கியத்திலேயே இருந்தால் சரி. இல்லாவிட்டால் நான்கு வழிகளில் ஒன்றால் சரிசெய்யலாம்.

உந்துவது எது என்று தெரிந்தால் அதை எழுவாயாக்குங்கள்: ‘தி எஞ்சின் ப்ரொபெல்ட் த போட் ஃபார்வர்ட்.’ அது தெரியாவிட்டாலோ, சொல்லத் தேவையில்லாவிட்டாலோ செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள்: ‘த போட் வாஸ் ப்ரொபெல்ட் ஃபார்வர்ட்.’ படகு செலுத்தப்பட்டது. இப்போது ‘எதை’ என்ற கேள்வி எழாது. உந்துவதும் உந்தப்படுவதும் ஒன்றேயானால் ‘இட்செல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’, ‘தெம்செல்வ்ஸ்’ போட வேண்டும்: ‘ஷி ப்ரொபெல்ட் ஹர்செல்ஃப் அக்ராஸ் த பூல்.’ தமிழில் இந்த இடத்தில் ‘தன்னை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நீந்திப் போனாள்’ என்று விட்டுவிடுவோம். அதனால்தான் அந்தச் சொல் கைநழுவுகிறது. நான்காவது வழி, வினையையே மாற்றிவிடுவது: ‘த போட் மூவ்ட் ஃபார்வர்ட்.’ விசையைப் பற்றிப் பேச்சே இல்லாத இடத்தில் இதுதான் நல்ல வழி.

படி 3: ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்ப்போம்

நல்ல ப்ரொபெல் வாக்கியத்தில் மூன்று இருக்கும்: உந்துவது, உந்தப்படுவது, போகிற திசை அல்லது இடம். மூன்றாவது இல்லாமலும் இலக்கணம் பிழைக்கும், ஆனால் வாக்கியம் சப்பென்று இருக்கும்.

ரைட் சகோதரர்களின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1903 டிசம்பர் 17 அன்று நடந்த முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. இயந்திரத்தின் திறன் சுமார் 12 குதிரைத்திறன். சங்கிலியால் சுழற்றப்பட்ட இரண்டு ப்ரொபெல்லர்கள் இறக்கைகளுக்குப் பின்னால் இருந்தன.

முதல் முயற்சி: ‘தி எஞ்சின் ப்ரொபெல்ட்.’ எதை என்று தெரியவில்லை, நிற்காது.

அடுத்து: ‘தி எஞ்சின் ப்ரொபெல்ட் தி ஏர்க்ராஃப்ட்.’ பிழையில்லை. ஆனால் இயந்திரம் விமானத்தை உந்தாமல் வேறு என்ன செய்யும்? படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்து: ‘டூ ப்ரொபெல்லர்ஸ் ப்ரொபெல்ட் தி ஏர்க்ராஃப்ட்.’ தகவல் சரி, ஓசை மோசம். ஒரே சொல் இரண்டு முறை முட்டிக்கொள்கிறது. ப்ரொபெல்லர் எழுவாயாக வந்தால் வினையை ‘புஷ்ட்’ அல்லது ‘ட்ரோவ்’ என்று மாற்றுங்கள். இங்கே ப்ரொபெல்லர் பின்னாலிருந்து தள்ளியது என்பதால் ‘புஷ்ட்’ துல்லியமாகவே பொருந்துகிறது.

கடைசியாக: ‘எ ட்வெல்வ்-ஹார்ஸ்பவர் எஞ்சின் ப்ரொபெல்ட் தி ஏர்க்ராஃப்ட் எ ஹண்ட்ரட் அண்ட் ட்வென்ட்டி ஃபீட் இன் ட்வெல்வ் செகண்ட்ஸ்.’ எது உந்தியது, எதை, எவ்வளவு தூரம், எத்தனை நேரத்தில் என்று நான்கும் வந்துவிட்டன. தூரத்துக்கு முன்னால் ‘டு’, ‘இன்’ போன்ற எந்த முன்னிடைச் சொல்லும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்துக்கு ‘இன்’ வந்தது.

சொல் வரிசையிலும் ஒரு கண் வேண்டும். தமிழில் ‘படகை முன்னே செலுத்தியது’, ‘முன்னே படகைச் செலுத்தியது’ இரண்டும் ஓடும். வேற்றுமை உருபு கூடவே இருப்பதால் சொல்லை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. வினையை ஒட்டி உந்தப்படும் பொருள், அதன் பிறகு திசை. ‘ப்ரொபெல்ட் த போட் ஃபார்வர்ட்’ சரி. ‘ப்ரொபெல்ட் ஃபார்வர்ட் த போட்’ ஒட்டாது.

படி 4: திசைச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது

நம்முடைய ‘கு’ உருபு பெரிய வேலைக்காரன். ‘வானத்துக்கு’, ‘முதலிடத்துக்கு’, ‘இறுதிப் போட்டிக்கு’, ‘வெற்றிக்கு’ என எல்லாவற்றையும் ஒருவனே சுமப்பான். ஆங்கிலம் இந்த வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

‘டு’ என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. ‘த கோல் ப்ரொபெல்ட் தெம் டு த டாப் ஆஃப் த டேபிள்.’ அந்தக் கோல் அவர்களைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ‘டு விக்டரி’, ‘டு ஃபேம்’, ‘டு பவர்’ என்று வரும்போது நடுவில் ‘த’ போடக் கூடாது.

‘டுவர்ட்ஸ்’ என்றால் அந்தத் திக்கில் போகிறது, சேர்ந்ததா என்று தெரியாது. ‘த விண்ட் ப்ரொபெல்ட் த ராஃப்ட் டுவர்ட்ஸ் த ஷோர்’ என்று படித்தவர், தெப்பம் கரையைத் தொட்டதா என்று அடுத்த வரியில் தேடுவார். ‘டு த ஷோர்’ என்று எழுதினால் தேட மாட்டார். செய்தி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தகவலே பிழையாகிவிடும்.

‘இன்டு’ என்றால் ஓர் எல்லையைக் கடந்து உள்ளே. இடமாகவும் இருக்கலாம், நிலையாகவும் இருக்கலாம். ‘இன்டு ஸ்பேஸ்’, ‘இன்டு ஆர்பிட்’ என்பவற்றில் ‘த’ வராது. ‘இன்டு தி ஏர்’, ‘இன்டு த ஃபைனல்’, ‘இன்டு த ஸ்பாட்லைட்’ என்பவற்றில் வரும். இதற்கு ஒரே விதி சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை, தொடராகவே நாக்கில் ஏற்றிக்கொள்வதுதான் சுருக்குவழி.

‘த்ரூ’ ஊடாக, ‘அக்ராஸ்’ குறுக்கே, ‘அலாங்’ நெடுக, ‘அவுட் ஆஃப்’ உள்ளேயிருந்து வெளியே. இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. குழாய்க்குள் தண்ணீரை உந்தினால் ‘த்ரூ த பைப்’, துப்பாக்கியிலிருந்து குண்டு வெளியேறினால் ‘அவுட் ஆஃப் த பேரல்’.

‘ப்ரோ’ என்றாலே முன்னால்தானே, பிறகு ‘ஃபார்வர்ட்’ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய புழக்கம் வேறு. ‘ப்ரொபெல் ஃபார்வர்ட்’ தாராளமாக வழங்குகிறது, தப்பில்லை. பின்னோக்கியும் ப்ரொபெல் செய்யலாம் என்பதற்குக் கணவாய் சாட்சி. அது உடலுக்குள் தண்ணீரை இழுத்து, புனல் போன்ற குழாய் வழியாகப் பீய்ச்சி, அந்த விசையில் எதிர்த்திசையில் பாய்கிறது. ஆபத்தில் தப்பும்போது பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் பாயும். ‘த ஸ்க்விட் எக்ஸ்பெல்ஸ் வாட்டர் அண்ட் ப்ரொபெல்ஸ் இட்செல்ஃப் பேக்வர்ட்ஸ்.’ தண்ணீரை வெளியே தள்ளுகிறது, தன்னைப் பின்னே செலுத்துகிறது. ஒரே வாக்கியத்தில் குடும்பத்தின் இரண்டு பேர், ஆளுக்கொரு வேலையாக.

படி 5: ‘ஆல்’ என்ற உருபை எப்படி மொழிபெயர்ப்பது

துடுப்பால் செலுத்தினான். துடுப்பால் செலுத்தப்பட்டது. தமிழில் இரண்டிலும் ‘ஆல்’தான். ஆங்கிலத்தில் செய்வினையில் கருவிக்கு ‘வித்’ வரும்: ‘ஹி ப்ரொபெல்ட் த கனூ வித் எ சிங்கிள் பேடில்.’ செயப்பாட்டு வினையில், பெரும்பாலும் ‘பை’: ‘த கனூ வாஸ் ப்ரொபெல்ட் பை எ சிங்கிள் பேடில்.’

எப்படி உந்தியது என்று ஒரு செயலையே சொல்ல வேண்டுமானால் ‘பை’யோடு ஐ-என்-ஜி வடிவம் சேரும்: ‘எ ஃபிஷ் ப்ரொபெல்ஸ் இட்செல்ஃப் பை பெண்டிங் இட்ஸ் பாடி ஃப்ரம் சைட் டு சைட்.’ மீன் உடலைப் பக்கவாட்டில் வளைத்து வளைத்து முன்னே போகிறது. ‘வளைத்து’ என்ற நம் வினையெச்சம் வரும் இடமெல்லாம் ‘பை பெண்டிங்’ போன்ற அமைப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். பல நேரம் பொருந்தும்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘புஷ்’ என்பதற்கும் ‘ப்ரொபெல்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, ‘தள்ளு’ என்பதற்கும் ‘செலுத்து’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான். ‘ஐ புஷ்ட் த கார், பட் இட் டிட் நாட் மூவ்.’ தள்ளினேன், நகரவில்லை. இதில் முரண் இல்லை. ‘ஐ ப்ரொபெல்ட் த கார், பட் இட் டிட் நாட் மூவ்’ என்றால் முரண். ப்ரொபெல் என்றால் பொருள் நகர்ந்தே ஆக வேண்டும். முயற்சியை மட்டும் சொல்ல ‘புஷ்’. விளைவையும் சேர்த்துச் சொல்ல ‘ப்ரொபெல்’. முதலில் ‘தள்ளு’ பாதி சரி என்றது இதனால்தான்.

தொனியும் வேறு. ‘புஷ்’ வீட்டுப் பேச்சு. ‘ப்ரொபெல்’ கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும் சொல். கடையில் தள்ளுவண்டியைத் தள்ளச் சொல்லும்போது ‘ப்ளீஸ் ப்ரொபெல் த ட்ராலி’ என்றால் எதிரே நிற்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘லாஞ்ச்’ தொடக்கத்தை மட்டும் சொல்லும். ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும் கணம். பிறகு அதை விசை கொடுத்துக் கொண்டுபோவது ‘ப்ரொபெல்’. ‘ட்ரைவ்’ ஏறக்குறைய அதே பொருளில் வரும், ஆனால் ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும் படமும் கூடவே எழும். அது வேண்டாத இடத்தில் ப்ரொபெல் நல்லது.

சிக்கல் அதிகம் ‘இம்பெல்’லோடுதான். மனத்தைத் தூண்டி ஒரு செயலைச் செய்ய வைத்தால் ‘இம்பெல்’, கூடவே ‘டு’வும் ஒரு வினைச்சொல்லும்: ‘கில்ட் இம்பெல்ட் ஹிம் டு கன்ஃபெஸ்.’ குற்றவுணர்வு அவனை ஒப்புக்கொள்ள வைத்தது. இந்த இடத்தில் ப்ரொபெல் இயல்பாக உட்காராது. ப்ரொபெல்லுக்குப் பின் வரும் ‘டு’, போய்ச் சேரும் இடத்தையோ நிலையையோ கேட்கும். அதாவது பெயர்ச்சொல்லைக் கேட்கும். ‘ப்ரொபெல்ட் ஹர் டு ஃபேம்’ சரி. ‘ப்ரொபெல்ட் ஹர் டு ஸிங்’ என்று தோன்றினால் நிறுத்தி, ‘இம்பெல்ட்’, ‘ட்ரோவ்’, ‘ப்ராம்ப்டட்’ இவற்றில் ஒன்றை எடுங்கள்.

படி 7: காலமும் எண்ணும்

எப்போதும் உண்மையாக இருப்பதற்குச் சாதாரண நிகழ்காலம்: ‘ஹாட் கேஸஸ் ப்ரொபெல் த ராக்கெட் அப்வர்ட்.’ முடிந்துபோன ஒரு நிகழ்வுக்கு இறந்தகாலம். அண்மையில் நடந்து, அதன் பலன் இன்றும் நிற்கிறது என்றால் ‘ஹாஸ் ப்ரொபெல்ட்’ அல்லது ‘ஹாவ் ப்ரொபெல்ட்’. செய்திகளில் இதுதான் அதிகம்.

இந்த ‘ஹாஸ்’, ‘ஹாவ்’ இடத்தில் ஒரு கண்ணி உண்டு. ‘த சக்ஸஸ் ஆஃப் தீஸ் ஃபோன்ஸ் ஹாஸ் ப்ரொபெல்ட் த கம்பெனி இன்டு ப்ராஃபிட்.’ வினைக்குப் பக்கத்தில் ‘ஃபோன்ஸ்’ என்று பன்மை நிற்பதால் கை தானாக ‘ஹாவ்’ எழுதப் பார்க்கும். உந்தியது ஃபோன்கள் அல்ல, அவற்றின் வெற்றி; வெற்றி ஒருமை. ‘ஸ்ட்ராங் சேல்ஸ்’ என்று தொடங்கியிருந்தால் ‘ஹாவ்’ சரி.

படி 8: கண்ணுக்குத் தெரியாததை உந்துவது

இன்றைய எழுத்தில் ப்ரொபெல் அதிகம் புழங்குவது உருவகமாகத்தான். உந்தும் இடத்தில் ஆசை, ஆர்வம், தேவை, கோபம், வெற்றி. உந்தப்படும் இடத்தில் ஆள், அணி, நிறுவனம், கதை. ‘க்யூரியாசிட்டி ப்ரொபெல்ஸ் த ஸ்டோரி ஃபார்வர்ட்.’ ‘ரைசிங் டிமாண்ட் ப்ரொபெல்ட் ப்ரைசஸ் டு எ நியூ ஹை.’ ‘த ஸ்கேண்டல் ப்ரொபெல்ட் ஹிம் இன்டு த ஹெட்லைன்ஸ்.’

உருவகத்தில் திசைச் சொல்லை விட்டால் வாக்கியம் உயிரிழந்துவிடும். ‘தி அவார்ட் ப்ரொபெல்ட் ஹர்’ என்றால் விருது அவரை உந்தியது, சரி, எங்கே? படகுக்காவது முன்பக்கம் என்று படிப்பவர் ஊகித்துக்கொள்வார். புகழுக்கும் பதவிக்கும் பக்கம் கிடையாது.

கெட்ட இடத்துக்கும் உந்தலாம். ‘ப்ரொபெல்ட் த கண்ட்ரி இன்டு க்ரைசிஸ்’ என்று எழுதுவதில் தவறில்லை, நெருக்கடிக்குள் வேகமாகப் போய் விழுந்தது என்ற தொனி கிடைக்கும். ஆனால் மெல்லச் சரிவதற்கு இது ஆகாது. ப்ரொபெல்லில் எப்போதும் ஒரு வேகமும் விசையும் இருக்கும். சரிவுக்கு ‘ட்ராக் டவுன்’ (டி, ஆர், ஏ, ஜி என்று எழுதும் ‘ட்ராக்’) இருக்கிறது, இழுத்துக் கீழே கொண்டுபோவது.

ஒரு பத்தியில் இரண்டு முறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எடுப்பான சொல், அதனாலேயே சீக்கிரம் சலிக்கும்.

படி 9: கூடவே வரும் சொற்கள்

ப்ரொபெல்லர் தெரிந்ததுதான்; அதிலும் இரண்டு எல். ‘ப்ரொபெல்லன்ட்’ என்ற பெயர்ச்சொல்லில் கவனம் வேண்டும். பலர் அதை எரிபொருள் என்றே எழுதுகிறார்கள். 1969இல் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சாட்டர்ன் ஃபைவ் ராக்கெட்டின் முதல் அடுக்கில் ஐந்து எஞ்சின்கள். எரிந்தது மண்ணெண்ணெய் வகை எரிபொருள், அதை எரிய வைத்தது திரவ ஆக்ஸிஜன். மண்ணெண்ணெய் மட்டும் ‘ஃப்யூயல்’. இரண்டும் சேர்ந்தால்தான் ‘ப்ரொபெல்லன்ட்ஸ்’. தெளிப்பான் டப்பாவிலிருந்து மருந்தையோ வாசனைத் திரவத்தையோ வெளியே தள்ளும் வாயுவுக்கும் இதே பெயர்.

கூட்டுச் சொற்களில் நடுவில் சிறுகோடு போட வேண்டும்: ‘ஜெட்-ப்ரொபெல்ட்’, ‘ராக்கெட்-ப்ரொபெல்ட்’, ‘செல்ஃப்-ப்ரொபெல்ட்’. 1843இல் நீரில் இறக்கப்பட்டு, 1845இல் அட்லாண்டிக்கைக் கடந்த ‘கிரேட் பிரிட்டன்’ என்ற இரும்புக் கப்பலை ‘எ ஸ்க்ரூ-ப்ரொபெல்ட் ஷிப்’ என்பார்கள். திருகு வடிவ ப்ரொபெல்லரால் ஓடிய கப்பல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ப்ரொபெல்லிங் பென்சில்’ என்று பார்த்தால் மிரள வேண்டாம், பின்னால் அழுத்தினாலோ திருகினாலோ முனை வெளியே வரும் பென்சில்தான் அது.

படி 10: பிழை திருத்திப் பழகுங்கள்

கீழே உள்ள ஒவ்வொன்றிலும் பிழை இருக்கிறது. விளக்கத்தைப் படிக்கும் முன் நீங்களே திருத்திப் பாருங்கள்.

‘த சைக்கிள் ப்ரொபெல்ஸ் பை பெடல்ஸ்.’ சைக்கிள் எதையும் செலுத்தவில்லை, அது செலுத்தப்படுகிறது. ‘த சைக்கிள் இஸ் ப்ரொபெல்ட் பை பெடல்ஸ்.’

‘ஷி ப்ரொபெல்ட் வித் ஹர் ஆர்ம்ஸ் டு த சர்ஃபேஸ்.’ நீருக்கடியிலிருந்து கைகளால் மேலே வந்தார். ‘தன்னை’ விடுபட்டிருக்கிறது: ‘ஷி ப்ரொபெல்ட் ஹர்செல்ஃப் டு த சர்ஃபேஸ் வித் ஹர் ஆர்ம்ஸ்.’ போய்ச் சேர்ந்த இடம் முன்னால், கருவி பின்னால் என்று வரிசையும் மாறியதைப் பாருங்கள்.

‘த விண்ட் ப்ரொபெல்ட் டுவர்ட்ஸ் த ராக்ஸ் த ஷிப்.’ சொற்கள் எல்லாம் சரி, தமிழ் வரிசையில் நிற்கின்றன. ‘த ஷிப்’ வினையை ஒட்டி வர வேண்டும்.

‘த ராக்கெட் ப்ரொபெல்ட் த சாட்டலைட் டு த ஸ்பேஸ்.’ ‘இன்டு ஸ்பேஸ்’. முன்னிடைச் சொல்லும் மாறும், ‘த’வும் போகும்.

‘ஹிஸ் பேட் ஃபார்ம் ஸ்லோலி ப்ரொபெல்ட் த டீம் டவுன்.’ ‘ஸ்லோலி’யும் ‘ப்ரொபெல்ட்’டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ‘ஹிஸ் பேட் ஃபார்ம் ஸ்லோலி ட்ராக்ட் த டீம் டவுன்.’

‘த ப்ரோட்டெஸ்ட்ஸ் ப்ரொபெல்ட் த மினிஸ்டர் டு ரிசைன்.’ ‘டு’வுக்குப் பின்னால் வினை வந்துவிட்டது. போராட்டம் வெளியிலிருந்து கட்டாயப்படுத்தியது என்பதால் இங்கே ‘இம்பெல்ட்’கூடச் சரிவராது, குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைக் கூப்பிட வேண்டும்: ‘த ப்ரோட்டெஸ்ட்ஸ் கம்பெல்ட் த மினிஸ்டர் டு ரிசைன்.’